திண்ணைக்கு வந்த பேராசிரியர்

சென்ற தை மாதத்தில் பட்டணத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து கட்டிடக் கலைப் பேராசிரியர் ஒருவர், மாணவ மாணவிகள் பன்னிரண்டு பேரை அழைத்துக்கொண்டு நமது கம்மாபுரத்துக்கு விஜயம் செய்தார். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். பேராசிரியர் நல்ல மனிதர்; அவரைச் சங்கடப்படுத்துவது நமது நோக்கமன்று. ஊரிலுள்ள பழைய நாட்டு ஓட்டு வீடு ஒன்றை அங்குலம் அங்குலமாக அளந்து படம் எழுதிக்கொண்டு போவது அவர் வந்த காரியம். முற்றம், தாழ்வாரம், மரத்தூண், நாலு பேர் படுத்துப் புரளக்கூடிய திண்ணை எல்லாம் உள்ள வீடு அது. பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறையாகையால், வந்தவர்களுக்கு ஊரைக் காட்டும் உத்தியோகம் நம் தலையில் விழுந்தது.

பிள்ளைகள் டேப்பின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி அளந்தார்கள். ஒருவர் படம் பிடித்தார். ஒருவர் உத்திரத்தின் கீழ் மல்லாந்து படுத்துக்கொண்டு கைமரங்களை எண்ணினார். பக்கத்துச் சந்தில் ஒரு கூரை வீடு. அதன் வாசலில் குந்தியிருந்த பாட்டியம்மாள் வெகு நேரம் இந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டு, மெல்ல எழுந்து வந்து பேராசிரியரின் எதிரே கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

"ஐயா! எனக்கும் வீடு வந்திருக்கு. சர்க்காரு மூணரை லட்சம் குடுக்குது. கடன் கிடன் வாங்காம கட்டி முடிக்க ஒரு வழி சொல்லிட்டுப் போங்களேன். புண்ணியமாப் போவும்."

பேராசிரியர் உற்சாகமாகவே பதில் சொன்னார். ஐந்து நிமிஷம் பேசியிருப்பார். சஸ்டெயினபிள், தெர்மல் கம்ஃபர்ட், பாஸிவ் கூலிங், லோக்கல் மெட்டீரியல் என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு நடுவே அங்கங்கே ஒரு தமிழ் வினைச்சொல், வெள்ளத்தில் மிதந்து வரும் தேங்காயைப் போலத் தலைகாட்டிப் போயிற்று. பாட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நம் பக்கம் திரும்பி, "வாத்தியாரையா, அவுரு என்னா சொல்றாரு? கட்டலாங்கறாரா, வேணாங்கறாரா?" என்றார்.

நமக்கும் சொல்லத் தெரியவில்லை. சர்வகலாசாலைப் பட்டம் வாங்கியதற்கு அன்றைக்குப் போல நாம் என்றும் வெட்கப்பட்டதில்லை.

வாசகர்களில் பட்டணவாசிகளாயிருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. 'கலைஞரின் கனவு இல்லம்' என்னும் திட்டத்தைத் தமிழ்நாடு சர்க்கார் 2024-ஆம் வருஷத்தில் தொடங்கிற்று. கிராமங்களில் குடிசையில் வசிப்போருக்கு வீடொன்றுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் உதவி. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டுவது என்று ஏற்பாடு. இதற்கு முன்பும் திட்டங்கள் இல்லாமலில்லை. 1985-இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டம், 2010-இல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2016 முதல் 25 சதுர மீட்டருக்குக் குறையாத பிரதம மந்திரி வீடு என்று பெயர்கள் மாறிக்கொண்டு வந்திருக்கின்றன. நமது கடலூர் ஜில்லாவில் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் அடித்து, முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, குடிசைகள் கூரையிழந்து நின்ற பிறகு கட்டப்பட்ட வீடுகள் தனிக் கணக்கு. ஆக, ஏழைக்கு வீடு கொடுக்க வேண்டுமென்பதில் இங்கே எந்தக் கட்சிக்கும் அபிப்பிராய பேதமில்லை.

ஆனால் கொடுத்த வீடு என்ன ஆகிறது என்பதைத் தெருவோடு நடந்து பார்த்தால்தான் தெரியும். அஸ்திவாரத்துக்கே பாதிப் பணத்தைப் போட்டுவிட்டு, சுவர் ஜன்னல் மட்டத்தில் நின்றுபோன வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். 'ஆயுசில் ஒரு தரம் கட்டுகிறோம், இன்னும் ஓர் அறை சேர்த்துக்கொள்வோமே' என்று இழுத்துவிட்டு, அந்த ஓர் அறைக்காக வட்டி கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் உண்டு. வைகாசியில் தளத்தின் அனல் தாங்காமல், கட்டிய வீட்டில் சாமான்களைப் போட்டுப் பூட்டிவிட்டு, முன்னால் கீற்றுப் பந்தல் போட்டு அதில் குடியிருப்பவர்களும் உண்டு. தப்பு யாருடையது? சர்க்கார் பணம் கொடுத்தது. மேஸ்திரி சொன்னபடி கட்டினார். வீட்டுக்காரர் இருந்ததெல்லாம் போட்டார். கேட்டுச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை. பணக்காரர் வீடு கட்டினால் ஒரு கட்டிடக் கலைஞர் வருகிறார். அவர் வீட்டம்மாளுடன் மூன்று தடவை உட்கார்ந்து பேசி, அடுப்பங்கரை எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கிறார். ஒரு செங்கல் வீணானாலும் தாங்க முடியாத ஏழைக்குத்தான் அந்த யோசனை முக்கியமாக வேண்டும். அவருக்கோ அது கிடையாது. வீட்டு விஷயத்தில் சமத்துவம் என்று சொல்லும்போது, பணத்தின் சமத்துவத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். யோசனையின் சமத்துவத்தை மறந்துவிடுகிறோம்.

யோசனை சொல்ல ஒரு புஸ்தகம் இருக்கத்தான் இருக்கிறது; 'மனையடி சாஸ்திரம்' என்று அதற்குப் பெயர். பஞ்சாங்கம் விற்கிற கடையிலெல்லாம் கிடைக்கும். இத்தனை அடி அகலமானால் இன்ன பலன் என்று அதில் எழுதியிருப்பதை நாம் நம்புகிறோமா என்று கேட்க வேண்டாம். வீட்டில் சண்டை வரும். ஆனால் அதை எழுதியவர்களிடம் ஒரு திறமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்கும்படி எழுதினார்கள். வீடு கட்டுகிறவர் மனத்திலுள்ள பயம் என்ன, ஆசை என்ன என்று தெரிந்து எழுதினார்கள். ஆகவே அது தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அதற்கு எதிராக நமது கட்டிடக் கலைக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து பத்து ரூபாய் விலையில் தமிழில் ஒரு சிறு புஸ்தகம் போட்டு, சந்தையில் விற்று, வாசகர்களில் யாராவது அதை வாங்கிப் பார்த்ததுண்டா? நாம் பார்த்ததில்லை.

பேராசிரியர்களைக் குறை சொல்வது எளிது. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற நமக்கு, வகுப்பில் நுழையுமுன்பே பயிற்சி கொடுத்தார்கள். எப்படி நிற்பது, எப்படிக் கேள்வி கேட்பது, பையன் விழித்தால் வேறு உதாரணம் எப்படிச் சொல்வது என்றெல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் கையில் சாக்குக் கட்டி தந்தார்கள். சர்வகலாசாலையில் போதிப்பவருக்கு இந்தப் பயிற்சி பெரும்பாலும் கட்டாயமில்லை. மாணவருக்குப் போதிக்கவே பயிற்சி இல்லையென்றால், பாட்டியிடம் பேச எங்கே பயிற்சி இருக்கப்போகிறது? தவிரவும், ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினால் பதவி உயர்வுக் கணக்கில் அதற்கு மதிப்பு உண்டு. திண்ணையில் உட்கார்ந்து பாட்டிக்குப் படம் போட்டுக் காட்டினால் அதற்கு எந்தப் பத்தியில் மதிப்பெண் போடுவார்கள்? அமெரிக்காவில் இக்குறையை உணர்ந்து, பேராசிரியர்களுக்குப் பத்திரிகைக் கட்டுரை எழுதவும் பொது மேடையில் பேசவும் தனியாகப் பயிற்சி கொடுக்கும் அமைப்புகளே ஏற்பட்டிருக்கின்றன. கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அவசியமான காரியம்.

நமது தேசத்தில் இதைப் பயிற்சியின்றியே செய்து காட்டிய ஒருவர் இருந்தார். லாரி பேக்கர் என்ற பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்தவர். யுத்த காலத்தில் சீனாவில் வைத்தியத் தொண்டு செய்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது மகாத்மா காந்தியைச் சந்தித்தார். நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டுமென்று காந்தியடிகள் சொன்னதை, தாம் ஆயுள் முழுதும் மறக்கவில்லையென்று பேக்கர் பின்னால் நினைவு கூர்ந்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் அவரை இந்தியாவுக்குத் திரும்ப அழைத்து வந்தது. இமயமலைப் பக்கத்தில் பிதோராகரில் பல வருஷங்கள் வாழ்ந்து, மலைவாசிகள் கட்டும் முறையைக் கண்ணால் பார்த்துக் கற்றார். பிறகு கேரளத்துக்கு வந்தார். 1989-இல் இந்தியப் பிரஜையாகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் கட்டிய கட்டிடங்களைப் புகழ்ந்து எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். நமக்கு அவருடைய கட்டிடங்களைக் காட்டிலும் அவருடைய துண்டுப் புஸ்தகங்கள்மீதுதான் ஆசை. கட்டிடச் செலவைக் குறைப்பது எப்படி, கிராமத்து வீட்டின் அமைப்பு எப்படி, மண்ணைக் கொண்டு கட்டுவது எப்படி என்று சின்னச் சின்னப் புஸ்தகங்கள். அச்செழுத்துக்கூட இல்லை, தம் கையாலேயே எழுதி, தம் கையாலேயே படம் போட்டார். வழக்கமாகச் செய்யும் விதம் ஒரு படம்; சிக்கனமாகச் செய்யும் விதம் பக்கத்தில் இன்னொரு படம். பார்த்த மாத்திரத்தில் கொத்தனாருக்கும் விளங்கும், வீட்டுக்காரருக்கும் விளங்கும்.

உதாரணமாக ஒன்றைச் சொல்லுவோம். சுவரில் செங்கலைப் படுக்க வைத்துக் கட்டுவதற்குப் பதிலாக, விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டலாம். 'எலிப்பொறிக் கட்டு' என்று இதற்கு ஆங்கிலத்தில் பெயர். செங்கலில் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சம். நடுவிலுள்ள காற்று வெயிலையும் தடுக்கும். தளத்துக்கும் ஒரு யுக்தி உண்டு. கான்கிரீட் தளம் பாரத்தால் வளையும்போது மேற்பாதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பாதி இழுபடுகிறது. நெருக்குவதைத் தாங்கக் கான்கிரீட்டுக்குத் தெரியும். இழுப்பைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பிதான். அப்படியானால் கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் சும்மா பாரமாகத்தானே தொங்குகிறது? அந்த இடத்தில் பழைய சீமை ஓட்டையோ, கவிழ்த்த மண் சட்டியையோ வைத்துவிட்டால் சிமெண்டு மிச்சம், பாரம் குறைவு, அனலும் குறைவு. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நமக்கு மண்சட்டிக்கா பஞ்சம்? நெய்வேலி அனல் நிலையத்துச் சாம்பலில் செய்த செங்கலும் கூப்பிடு தூரத்தில் கிடைக்கிறது. காந்தியடிகளின் ஐந்து மைல் கணக்கு நமது ஊருக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது என்றே சொல்லலாம். ஒரு பக்கத்தில் எழுதிவிடக்கூடிய இந்த விஷயம் நம் ஊர் மேஸ்திரிக்கு வந்து சேரவில்லை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்டாமல் மேஸ்திரி தம் இஷ்டப்படி இதைச் செய்துவிடவும் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

பேக்கர் எழுதியதோடு நிற்காமல் கேட்கவும் தெரிந்தவராயிருந்தார். 1970-களின் நடுவில் திருவனந்தபுரத்தையடுத்த பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டியபோது, வரிசையாக நேர்கோட்டில் கட்டாமல் வீடுகளை முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி அமைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று வர வேண்டும்; வலை உலர்த்தவும் பிள்ளைகள் விளையாடவும் வீட்டுக்கு முன்னால் இடம் வேண்டும். உத்தியோகஸ்தரின் வரைபடத்தில் நேர்கோடு அழகாயிருக்கும். வலை உலர்த்துகிறவருக்கு அந்த அழகால் என்ன பிரயோஜனம்? 1985-இல் அவரும், முதன் மந்திரியாயிருந்த அச்சுத மேனனும், பொருளாதார நிபுணர் கே. என். ராஜும் வேறு நண்பர்களும் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்டு' என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். இளம் கட்டிடக் கலைஞர்கள் கல்லூரியை விட்டு வந்து, சாந்து குழைக்கிற இடத்தில் நின்று பாடம் கற்றுக்கொள்ள அது ஒரு பள்ளிக்கூடமாயிற்று. ஏறத்தாழ அதே சமயத்தில் கொல்லத்திலும் கட்டிட வேலைப் பயிற்சிக்கும் சிக்கன வீட்டுக்குமாக 'நிர்மிதி கேந்திரம்' தோன்றிற்று. அதைப் பார்த்து மற்ற இடங்களிலும் கட்டிட மையங்கள் ஏற்பட்டன. நமக்கு அருகில் ஆரோவில்லில் 1989-இல் தொடங்கிய மண் கட்டிட நிலையம் அழுத்திய மண் கல்லால் வீடு கட்டுவதை இன்றளவும் கற்பித்து வருகிறது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து கற்கிறார்கள். கம்மாபுரத்திலிருந்து யாரும் போனதாக நமக்குத் தெரியவில்லை. போகச் சொல்லி யாரும் வந்து கூப்பிட்டதாகவும் தெரியவில்லை.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்து தேசத்துக் கதை ஒன்றுண்டு. ஹாசன் பாத்தி என்பவர் மகா மேதை. ஏழைகளிடம் நிஜமான அன்புள்ளவர். லக்ஸர் நகருக்கு எதிர்க்கரையில், பழைய அரச காலத்துக் கல்லறைகளின்மேல் குடியிருந்த கூர்னா கிராமத்தாரை இடம் மாற்றுவதற்காக 1945 முதல் சுட்ட செங்கல்கூட இல்லாமல் பச்சைச் செங்கலிலேயே மிக அழகான புதுக் கிராமம் ஒன்றைக் கட்டினார். ஜனங்கள் போக மறுத்துவிட்டார்கள். பிழைப்பு இருந்த இடத்தை விட்டு யார் போவார்கள்? வேலை மூன்று வருஷத்தில் நின்றது. அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்து ஆபர்ன் சர்வகலாசாலையில் சாமுவேல் மாக்பீ, ரூத் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1993-இல் வேறு வழியில் போனார்கள். மாணவர்களை அம்மாகாணத்தின் ஏழைப் பகுதி ஒன்றில் கொண்டுபோய்க் குடிவைத்து, ஏழைக் குடும்பத்தோடு பழகி, அவர்களுக்காகப் படம் போட்டுக் கையாலும் கட்டச் செய்தார்கள். 2005-இல் அங்கே இருபதாயிரம் டாலரில் ஒரு வீடு என்ற முயற்சி தொடங்கிற்று. சொற்ப வருமானக்காரரும் கடன் பெற்று அடைக்கக்கூடிய தொகை எது என்று கணக்குப் பார்த்து வைத்த எண் அது. நமது பாட்டி கேட்ட கேள்வியும் அதுவேயல்லவா? வீட்டைக் கட்டிய பிறகுதான் பாங்கிக்காரரிடமும் இன்ஷ்யூரன்ஸ்காரரிடமும் சட்டம் பார்க்கிற உத்தியோகஸ்தரிடமும் பேசினாலன்றிக் காரியம் நடவாது என்று அம்முயற்சியில் ஈடுபட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான விஷயம். செங்கலை மிச்சம் பிடிப்பதோடு வீட்டின் சமத்துவம் முடிந்துவிடாது. நம் ஊர்ப் பாட்டிக்குத் தன் பேரில் பட்டா இருந்தது. ஆகவே வீடு வந்தது. பட்டாவின்றிப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவருக்கு எந்த வீட்டுத் திட்டமும் நேரே வாசலுக்கு வராது. நிலம் இருந்தாலும் எந்த நிலம்? ஐப்பசி கார்த்திகையில் மழைத்தண்ணீர் எந்தத் தெருவில் தேங்குகிறது, எந்தத் தெருவில் வடிகிறது என்று பார்த்தாலே எந்த ஊரிலும் சரித்திரம் விளங்கிவிடும். ஊர் ஒரு பக்கம், ஆதிதிராவிடர் தெரு ஒரு பக்கம் என்று வைத்த நாளில் மேட்டை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதைத் தண்ணீர் வருஷந்தோறும் வந்து எழுதிக் காட்டுகிறது. 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் 'காலனி' என்ற சொல்லை சர்க்கார் ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாகச் சட்டசபையில் அறிவித்தார்கள். நல்ல காரியம். சொல்லை ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம். பள்ளத்தை அப்படி எடுக்க முடியாது.

இதற்கு ஒரு பதிலாகத்தான் 1997-இல் பெரியார் நினைவுச் சமத்துவபுரத் திட்டம் வந்தது. நூறு வீடு கொண்ட குடியிருப்பில் 40 ஆதிதிராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. முதலாவது சமத்துவபுரம் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. அதன் பலாபலன்களைப் பற்றி எத்தனையோ அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் யாருக்குப் பக்கத்து வீட்டில் யார் என்ற கேள்வியை வரைபடத்துக்குள்ளேயே கொண்டுவந்த திட்டம் அது. சென்னையிலோ காரியம் வேறு விதமாகப் போயிற்று. 1970-இல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. 2000-க்குப் பிறகு ஆற்றங்கரைவாசிகளைக் கூட்டங்கூட்டமாகக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். வீடு கிடைத்தது, வேலைக்குப் போகிற தூரம் கூடிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கைவிட்டுப் போயிற்று. இதைப் பற்றி வித்துவான்கள் அருமையான ஆராய்ச்சிகள் செய்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், விலையுயர்ந்த பத்திரிகைகளில் இருக்கின்றன. எவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதினார்களோ, அவர் அதை வாசித்து 'இது சரி, இது தப்பு' என்று சொல்ல வழியில்லை.

ஆகவே பேராசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்கிறோம். எப்படிப்பட்ட பயிற்சி? இன்னொரு கருத்தரங்கமன்று, குளிர்சாதன அறையில் பிஸ்கோத்தும் தேநீரும் கொடுத்து நடத்துகிற காரியமன்று. ஒரு வாரம் ஒரு மேஸ்திரியிடம் சித்தாளாக நிற்கட்டும். வருஷத்தில் ஒரு முறையாவது கிராம சபைக் கூட்டத்துக்கு வரட்டும். குடியரசு தினத்திலும் மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் காந்தி ஜயந்தியிலும் கூடுகிற அந்தச் சபையில்தான் வீட்டுப் பயனாளிகளின் பட்டியல் விவகாரமெல்லாம் வருகிறது. அங்கே யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் பின்னால் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும். பட்டாவும் சிட்டாவும் என்னவென்று கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கற்றுக்கொள்ளட்டும். பிறகு ஒரே ஒரு பக்கம், தமிழில், எழுதட்டும். அதை நம் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லட்டும். அவள் தடுக்கி விழுகிற இடத்தையெல்லாம் திருத்தி மறுபடியும் எழுதட்டும். இதற்கு நாமே இலவசமாக உதவி செய்யத் தயார். சிவப்பு மை நம்மிடம் நிறைய இருக்கிறது.

இதெல்லாம் நடக்காத காரியமென்று சிலர் சொல்லக்கூடும். 2014 முதல் உன்னத பாரத இயக்கம் என்ற பெயரால் உயர்கல்வி நிலையங்கள் கிராமங்களைத் தத்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. வாசல் திறந்திருக்கிறது, நுழைகிறவர்கள் பேசத் தெரிந்து நுழைய வேண்டும். தொழிலையும் படிப்பையும் சேர்க்க முடியாதென்று சொல்பவர்கள் ஒரு முறை விருத்தாசலத்துக்கு வந்து பார்க்கலாம். அங்கே பீங்கான் தொழில் கற்பிக்கும் சர்க்கார் நிலையமும், பீங்கான் தொழிற்பேட்டையும் ஒரே ஊரில் இருக்கின்றன. மண் சரியாக வேகவில்லையென்றால் சூளை அதை மறுநாளே காட்டிக்கொடுத்துவிடும். வாத்தியார் எவ்வளவு அழகாக விரிவுரை செய்திருந்தாலும் சூளை இரக்கம் காட்டாது. கட்டிடக் கலை வாத்தியாருக்கு அப்படியொரு சூளை இல்லாமற் போயிற்று.

பாட்டி விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டோம். பேராசிரியர் பேசி முடித்துப் பாட்டி விழித்துக்கொண்டு நின்றபோது, மாணவிகளில் ஒரு பெண், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு பாட்டியின் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கூரை வீட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, இப்ப எங்க சமைக்கிறீங்க?"

"வெளியிலதான் கண்ணு."

"மழை வந்தா?"

"வந்தா என்னா செய்யறது, உள்ள புகை மண்டும்."

"யாரு யாரு எங்க படுப்பீங்க? ஆடு எத்தனை? மருமவளுக்குத் துணி மாத்த இடம் இருக்கா?"

கேள்வி கேட்கக் கேட்கத் தரையில் கோடு வளர்ந்தது. முந்நூற்றறுபது சதுர அடி என்றால் எவ்வளவு என்று பாட்டிக்கு அதுவரை தெரியாது. அந்தப் பெண் தன் காலடியால் அளந்து நாலு மூலையிலும் கல் வைத்துக் காட்டினாள். பாட்டி உள்ளே போய் நின்று பார்த்தார், படுத்துக்கூடப் பார்த்தார். கான்கிரீட் இல்லாத அறுபது சதுர அடியை முன்பக்கம் விட்டு, அதில் அடுப்பும் ஒரு சின்னத் திண்ணையும் வைத்துக்கொள்வதென்று அங்கேயே தீர்மானமாயிற்று. "இதுக்கு மேல ஒரு அறை வேணாம், அப்ப கடன் வராது, அப்படித்தானே?" என்று பாட்டி தாமாகவே சொன்னார். மகனுக்கு முகம் சுருங்கிற்று. அவருக்கு இன்னும் ஓர் அறையின்மேல் ஆசை.

இதற்குள் பேராசிரியரும் வந்து பக்கத்தில் குந்திவிட்டார். வேட்டி அல்ல, கால்சட்டை. ஆகவே சிரமப்பட்டுத்தான் குந்தினார். வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மத்தியான வெயில் எந்தச் சுவத்துல படுதும்மா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட முதல் கேள்வி அது. பாட்டி சுவரைத் தொட்டுக் காட்டினார்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அவர் நம்மிடம், "இருபது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன் சார். இப்படிப் பேசுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பெண்ணுக்கும் நான் சொல்லித் தரவில்லை" என்றார்.

வீடு இப்போது ஜன்னல் மட்டத்தைத் தாண்டியிருக்கிறது. மகனும் தாயும் பேசிச் சமாதானமாகி, அஸ்திவாரத்தை மட்டும் பின்னால் ஓர் அறைக்கு இடம் விட்டுப் போட்டிருக்கிறார்கள். மண் சட்டித் தளத்துக்கு மேஸ்திரி இன்னும் சம்மதிக்கவில்லை. தம் கண்ணால் ஒன்றைப் பார்க்காமல் செய்யமாட்டேனென்கிறார், அது நியாயந்தான். பார்ப்பதற்கு ஆரோவில்லுக்கு அழைத்துப்போவதாக அந்தப் பெண் கடிதம் எழுதியிருக்கிறாள். பஸ் செலவு யாருடையது என்பதுதான் இப்போது விவாதத்தில் இருக்கிறது.